நமக்குக் கேளாத ஓசை

திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றால், முறம் போன்ற காதுகளை ஆட்டி நிற்கும் கோயில் யானையைக் காணலாம். அந்தக் காதுகளுக்குக் கேட்பதெல்லாம் நமக்குக் கேட்கிறதா?

இல்லை. வினாடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஒலியே மனிதச் செவிக்கு எட்டும். வினாடிக்கு ஓர் அதிர்வு என்பது ஒரு ஹெர்ட்ஸ். 1984இல் அமெரிக்காவின் போர்ட்லந்து விலங்குக் காட்சிசாலையில், யானைகளின் அருகே நின்ற கேட்டி பெயின் என்ற பெண் ஆய்வாளர் காற்றில் ஒரு துடிப்பை உணர்ந்தார். ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை எழுப்புவது தெரிந்தது. 17 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 340÷17, அதாவது 20 மீட்டர்! இவ்வளவு நீண்ட அலையை மரங்கள் தடுப்பதில்லை. காட்டில் அது நெடுந்தொலைவு செல்லும். பூச்சி தின்னும் வௌவாலோ இதற்கு நேர்மாறு. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை எழுப்பி, எதிரொலியால் இரையைக் கண்டுபிடிக்கிறது.

நம் செவியின் எல்லை குறுகியது. ஆனால் நுட்பம் பெரிது. திருவானைக்காவில் 1888இல் பிறந்த சர் சி.வி. இராமன், எஸ். குமாருடன் சேர்ந்து மிருதங்க ஒலியை ஆராய்ந்து 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். சாதாரணப் பறையின் மேற்சுரங்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே உள்ள கரிய பூச்சு அவற்றை 1:2:3 என ஒழுங்குபடுத்துகிறது. சுருதி சேர்வது இதனால்தான். அந்தப் பூச்சை அமைத்த கைவினைஞர்களுக்குச் செவியே அளவுகருவி!

எங்கள் ஆய்வகத்தில் ஒருநாள் அலையியற்றியின் அதிர்வெண்ணைப் படிப்படியாக உயர்த்தினேன். 14,000 ஹெர்ட்ஸில் எனக்கு நிசப்தம். "இன்னும் கேட்கிறது, சார்!" என்றனர் மாணவர்கள். வயது ஏற ஏற இப்படிக் குறைவது இயல்பே. ஆனால் ஒரு மாணவன் 11,000இலேயே கையை இறக்கிவிட்டான். மாலை வேளைகளில் ஒலிபெருக்கி கட்டும் வேலைக்குப் போகிறவன். அதுதான் காரணமென்று ஒரே சோதனையால் சொல்லிவிட முடியாது. மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

ஏன் கவலை? உட்செவியில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உள்ளன. அவையே அதிர்வை நரம்புச் செய்தியாக்குகின்றன. பேரொலியால் அழிந்தால் பறவைகளுக்கு அவை மீண்டும் வளரும், நமக்கு வளரா. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஒலி நீடித்தால் கேடுதான்.

'கேள்வி' என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்டுக் கற்பதற்குச் செவி வேண்டுமே! திருவிழாவில் ஒலிபெருக்கிப் பெட்டியின் முன் நிற்காதீர்கள். காதில் இரைச்சல் எழுந்தால் உடனே விலகுங்கள். பட்டாசை யானையின் அருகிலும் வெடிக்காதீர்கள். அதன் செவியும் செவிதானே!