திரையை மூடியும் சர்வர் ஓய்வெடுக்காதது ஏன்?

ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலக சர்வரில் வேலை பார்ப்பவர், மாலையில் திரையின் மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுக் கிளம்புகிறார். வேலை முடிந்ததா? இல்லை. அறுந்தது இணைப்பு மட்டுமே. அவர் திறந்த எக்செல் கோப்பும் பிரவுசரும் சர்வரில் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன.

இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. இணையம் நடுவில் துண்டிக்கப்பட்டாலும், மறுபடி நுழைந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

ஆனால் விண்டோஸ் சர்வரில் இப்படி இணைப்பு அறுந்து நிற்கும் செஷன்களுக்கு இயல்பாகக் காலக்கெடு கிடையாது. 30 பேர் லாக் ஆஃப் செய்யாமல் போனால், 30 பேரின் புரோகிராம்களும் ராமை அடைத்துக்கொள்ளும். அடுத்து வருபவருக்கு எல்லாமே மந்தமாகும்.

தீர்வு குரூப் பாலிசியில் இருக்கிறது. 'செஷன் டைம் லிமிட்ஸ்' பகுதியில், துண்டிக்கப்பட்ட செஷனுக்கு 1 நிமிடம் முதல் 5 நாள் வரை கெடு வைக்கலாம். கெடு தீர்ந்ததும் செஷன் முழுதாக முடிக்கப்படும். சேமிக்காத வேலையும் அதோடு போய்விடும். எனவே கெடு மதிய உணவு இடைவேளையைவிட நீளமாக இருப்பது நல்லது. இரவெல்லாம் ஓடும் கணக்கு அறிக்கைகள் உள்ள அலுவலகத்துக்கு இன்னும் கூடுதலாகத் தேவை.

யாருடைய செஷன் தொங்குகிறது என்று அறிய, கமாண்ட் பிராம்ப்டில் 'குயூசர்' கட்டளையை அடித்தால் போதும். துண்டிக்கப்பட்டவர் பெயருக்கு நேரே 'டிஸ்க்' என்று காட்டும்.