உங்களுக்குத் தெரியுமா?

கொச்சியின் கலூரில் பங்குனி வெயிலில் ஸ்டேடியத்திலிருந்து மெட்ரோ நிலையம்வரை நடந்தாலே, மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் உள்ள ஒருவருக்கு ஒரு கண் மங்கலாம், கால் பின்னலாம். ஏ.சி. பெட்டியில் சற்று உட்கார்ந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். நோய் முற்றிவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மையலின் உறையை அரித்த இடத்தில், உடற்சூடு சிறிது கூடினாலும் சமிக்ஞை தடைபடுகிறது. உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மானிய கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் 1890-லேயே பதிவு செய்தார்.

பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும் நோய் இது, பெண்களுக்கே அதிகம். சுமார் 85 சதவீதம் பேருக்குத் தாக்குவதும் தணிவதுமாக வருகிறது. சிகிச்சை தாமதமானால், ஆண்டுகள் போகப்போகப் பலருக்கு நடைத் தளர்ச்சி தணியாமலே தங்கிவிடும்.

வட ஐரோப்பாவில் லட்சத்துக்கு 100 பேருக்கும் மேல்; மங்களூரு ஆய்வில் சுமார் 8 பேர்; மும்பைப் பார்சிகளிடையே 26 பேர். நம் ஊரில் அரிது என்பதாலேயே, இளம்பெண்ணின் மரத்துப்போன கையை ‘வெறும் சத்துக்குறைவு’ என்று தள்ளிவிடுவது வேதனை. கண் வலியோடு பார்வை மங்கினால் நரம்பியல் மருத்துவரையும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் இந்நோயும் உண்டு.