விஞ்ஞானிகளுக்கும் வகுப்பு உண்டு!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வறண்ட பூமி. ஆழ்துளைக் கிணறு தோண்டி தண்ணீர் வராவிட்டால், விவசாயி போட்ட பணம் அம்பேல்!

பூமிக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது? நிலத்தடி நீர் விஞ்ஞானிகள், மண்ணில் மின்சாரம் செலுத்திப் பார்ப்பர். காய்ந்த பாறை, மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஈரப் பாறை கடத்தும். ஆனால், உப்பு நீரும், களிமண்ணும் கூட கடத்துமே! ஏமாறாமல் கணிக்கப் பயிற்சி வேண்டும்.

அதனால், அரசு விஞ்ஞானிகளும் வகுப்புக்குப் போகின்றனர். சத்தீஸ்கர் மாநிலம், ராய்ப்பூரில், 1997ல் துவங்கிய ராஜிவ் காந்தி தேசிய நிலத்தடி நீர் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம், மத்திய, மாநில அரசுத் துறையினருக்குக் குறுகிய காலப் பயிற்சி தருகிறது.

உங்கள் ஊர் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது? பெரியவர்களிடம் கேட்டு, மாதந்தோறும் நோட்டில் குறித்து வாருங்கள். கோடையில் எவ்வளவு இறங்குகிறது என்பது புரியும்!