விண்கலத்தில் தூங்குவது எங்கே?

விண்கலக் கதை என்றாலே எஞ்சினையும் ஆயுதங்களையும் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் அந்தக் கலத்தில் இருப்பவர்கள் எங்கே படுக்கிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கவனித்தால் போதும். கதாசிரியர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

1987இல் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் எண்டர்பிரைஸ் கலத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பலர் குடும்பத்தோடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. கேட்ட மாத்திரத்தில் சூடாகத் தேநீர் தரும் இயந்திரமும் உண்டு. அதே கற்பனை உலகில் 2020இல் வந்த ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூன் தொடரின் இளநிலை அதிகாரிகளுக்கோ தனி அறையே கிடையாது. ஆள் நடமாடும் வழியிலேயே அடுக்குப் படுக்கைதான். 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தில் ஏழு பேர் வேலை செய்யும் சரக்குக் கலம். எஞ்சின் பகுதியில் பாடுபடும் இருவர், தங்களுக்கு போனஸில் பங்கு குறைவு என்று சாப்பாட்டு மேசையிலேயே முறையிடுகிறார்கள். வசதி யாருக்கு என்ற கேள்வி விண்வெளிக்குப் போனாலும் விடுவதில்லை.

இந்தக் கலங்களில் எல்லாரும் தரையில் கால் பதித்து நடக்கிறார்கள். அது எப்படி என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை. விடை தேடிய படம், ஸ்டான்லி கூப்ரிக் 1968இல் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. வீரர்கள் வசிக்கும் இடமே ஒரு சுழலும் சக்கரம். அதற்காக 38 அடி விட்டத்தில் நிஜமாகவே சுழலும் அரங்கைக் கட்டினார்கள். கணக்குப் போட்டால், அந்த அளவுச் சக்கரத்தில் நிலாவின் ஈர்ப்பைப் பெற நிமிடத்துக்கு ஐந்து சுற்று வேண்டும். பூமியின் ஈர்ப்புக்குப் பன்னிரண்டுக்கு மேல். அந்த வேகத்தில் தலையைத் திருப்பினாலே கிறுகிறுக்கும். நிற்பவரின் பாதத்தைவிடத் தலைக்கு ஈர்ப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவாகவும் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டே சுற்றில் பூமியின் ஈர்ப்பு வேண்டுமானால், சக்கரத்தின் ஆரம் சுமார் 224 மீட்டர் இருக்க வேண்டும்.

சுழலாத கலத்தில் நிலைமை எப்படி? சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் அறை, பழைய டெலிபோன் பூத் அளவுதான். சுவரில் கட்டிய ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து தூங்க வேண்டும். எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே எழும்பாது என்பதால், விடும் மூச்சின் கரியமில வாயு முகத்தைச் சுற்றியே தேங்கும். அதனால் அறைக்குள் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனாலும் வசதியை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. 1973இல் பறந்த ஸ்கைலேப் நிலையத்துக்கு ஆலோசகராக இருந்த வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி, ஒரு ஜன்னல் இருந்தே ஆக வேண்டும் என்று வலியுறுத்தினார். வீரர்கள் ஓய்வு நேரத்தைப் பெரும்பாலும் அந்த ஜன்னலருகேதான் கழித்தார்கள்.

தமிழில் விண்வெளிக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கலத்தின் கடைநிலை ஊழியர் எங்கே தூங்குகிறார், அவருக்குக் காற்று எப்படி வருகிறது, ஜன்னல் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.