தொட்டி மீனும் களுகங்கை மீனும்

மாத்தளை மாவட்டத்து லக்கல பல்லேகமப் பகுதியில் ஓடும் களுகங்கையின் மீனினம் ஒன்றை 1985ஆம் ஆண்டில் சேனாநாயக்க என்னும் ஆய்வாளர் உலகிற்கு அறிவித்தார். இன்று தாவ்கின்சியா சிறீலங்கென்சிசு எனப்படும் அது அருகிவரும் இனமாகும்.

நுளம்புக் குடம்பிகளை ஒழிக்க இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட கப்பி குட்டி ஈனும் இனம். தொட்டியில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஈனும். தாய்மீனே குட்டிகளைத் தின்னுமாதலால் அவை ஒளிந்திருக்க நீர்ச்செடிகள் அடர்ந்திருத்தல் வேண்டும். களுகங்கை மீனோ முட்டையிடும் இனம்.

பெருகிய கப்பிகளை அயலவர்க்குக் கொடுத்தல் நன்று. வயல் வாய்க்காலில் விடலாகாது. வாய்க்கால் வழியே ஓடையை அடையும் கப்பி, நாட்டு மீன்களின் இரைக்குப் போட்டியிடும். அவற்றின் முட்டைகளையும் தின்னும். மருந்தடித்த தெளிகருவியை ஓடையிற் கழுவுதலும் தகாது. அரிய மீனை அனுமதியின்றிப் பிடித்துத் தொட்டியில் அடைப்பது காவலன்று. ஓடையைத் தூயதாக வைத்திருப்பதே கமக்காரர் அதற்கு அளிக்கும் காவலாகும்.