டாக்டர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். பிறகு ஏன் நெஞ்சு படபடக்கிறது?

தலைவலி, படபடப்பு, வயிற்றெரிச்சல் என்று மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ கிளினிக்குக்குப் போகிறீர்கள். சோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் தொல்லை மட்டும் நிற்கவில்லை. மன அழுத்தம் காரணமாக இருக்கலாம்.

கவலை மனதில்தானே, உடம்பு ஏன் வலிக்கிறது?

ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் (உடம்பை உசுப்பும் சுரப்புநீர்) ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும், செரிமானம் மந்தமாகும். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தயாராகிறது என்று அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார். செம்பனைக் காட்டில் பாம்பைக் கண்டால் இது உயிரைக் காக்கும். பாம்பு போனதும் அடங்கிவிடும்.

கவலை போகவே இல்லை என்றால்?

ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும், சொந்த வீடு இல்லை. அல்லது பத்து பெரெண்டாம் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், மாதக் கடைசியில் கார் கடன். இவை ஒரு நாளில் தீர்பவை அல்ல. அப்போது கார்ட்டிசால் (அழுத்தம் நீடிக்கும்போது சுரக்கும் நீர்) அதிகமாகவே இருந்து, தூக்கத்தையும் வயிற்றையும் கெடுக்கலாம்.

குணம்கூட மாறுமா?

மாறும். நிதானமாக யோசிக்க உதவும் மூளையின் முன்பகுதி அழுத்தத்தில் சரியாக இயங்காது. அதனால் சின்ன விஷயத்துக்கும் கோபம், மறதி, வேலைக்கு மட்டம், யாரிடமும் பேசாமல் ஒதுங்குவது எல்லாம் வரும். வீட்டில் ஒருவர் இப்படி மாறினால், திட்டுவதற்கு முன் “என்ன கஷ்டம்?” என்று கேளுங்கள்.

இரண்டு கிளாஸ் போட்டால் தூக்கம் வருகிறதே?

வரும், ஆனால் நிலைக்காது. சம்சுவோ பீரோ, பின்னிரவில் விழிப்பைத் தரும். மறுநாள் பதற்றம் கூடும். கையில் இருந்த காசும் போய், கவலை இரண்டாகும்.

நானே என்ன செய்யலாம்?

முடிந்தவரை ஒரே நேரத்தில் படுங்கள். மாலையில் அரை மணி நேரம் நடங்கள். கவலைகளை எழுதி, இந்த வாரம் செய்யக்கூடியதைத் தனியே பிரித்து வையுங்கள். வீட்டுக் கவலை என்றால், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

எப்போது கிளினிக்குக்குப் போவது?

இரண்டு வாரமாகத் தூக்கமோ வேலையோ கெட்டிருந்தால் போங்கள். அரசாங்கக் கிளினிக்கில் (கிளினிக் கெசிஹாத்தான்) குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. “மனசு சரியில்லை” என்று நேராகச் சொல்லுங்கள். தலைவலி என்று மட்டும் சொன்னால் தலைவலி மாத்திரைதான் கிடைக்கும். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 21 கேள்விகள் கொண்ட தாள் தரலாம். அது பைத்தியமா என்று பார்க்கும் சோதனை அல்ல. அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு எவ்வளவு என்று அளப்பது.

எல்லாம் அழுத்தம்தான் என்று விட்டுவிடலாமா?

கூடாது. நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே 999-ஐ அழையுங்கள்.

சாகலாம் என்று தோன்றினால்?

சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. போலீஸ் வழக்கு வருமோ என்று பயப்பட வேண்டாம்: தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது.