உடலுக்குள் உறங்கும் காசநோய்

"முகாமை விட்டு வந்து எத்தனை வருசம்! இப்ப எப்பிடிப் பிள்ளை காசம் வரும்?" கிளிநொச்சிக் கிராமங்களில் தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

காசநோயாளி இருமும்போது கிருமி காற்றில் பரவுகிறது. நெரிசலான இடத்தில் இலகுவாகத் தொற்றும். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெருக்கமாக இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

நுரையீரலுக்குள் நுழையும் கிருமியை நமது காவற் கலங்கள் விழுங்குகின்றன. இக்கிருமியோ செரித்துப் போகாமல், விழுங்கிய கலத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. அக்கலம் ஒழுங்காக மடிந்தால் கிருமியும் பெரும்பாலும் அடங்கிவிடும். அதைத் தடுத்து, உள்ளே பெருகி, கலத்தை உடைத்துக்கொண்டு கிருமி வெளியேறுகிறது. அப்போது வேறு வெண்குருதிக் கலங்கள் திரண்டு மதில்போல் சுற்றி வளைக்கின்றன. அதற்குள் கிருமி பல வருடங்கள் உறங்கிக் கிடக்கும். அந்நிலையில் பிறருக்குத் தொற்றாது.

தொற்றிய 100 பேரில் 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. போசாக்கின்மையும் நீரிழிவும் அந்த மதிலைத் தளர்த்தும். பிள்ளைகளுக்குக் கொடுத்து மிஞ்சியதை மட்டும் உண்ணும் தாய்மாரே, உங்கள் வயிற்றையும் கவனியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், மெலிவு இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வழமையாக 6 மாதம் மருந்தெடுக்க வேண்டும். சுகம் கண்டதென்று இடையில் நிறுத்தினால், எஞ்சிய கிருமி மருந்துக்கும் அடங்காததாக மாறலாம்.